ஃப்ளை ஃபிஷிங்: நன்னீருக்கும் கடலுக்கும் ராடு, ரீல், லைன் தேர்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராடு, ரீல், லைன் மூன்றில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

ராடு என்பது கோல், ரீல் நூல் சுற்றும் சக்கரம், லைன் வீசும் நூல். இந்த மூன்றுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது முள்ளில் கட்டப்போகும் ஃப்ளை. இறகு, முடி, நூல் வைத்துக் கட்டிய இந்தச் செயற்கை இரைக்குப் பெரும்பாலும் எடையே கிடையாது. வழக்கமான தூண்டிலில் ஈயக் குண்டோ ரப்பர் மீனோ முன்னால் பறந்து மெல்லிய நரம்பைத் தன்னோடு இழுத்துப் போகும். இங்கே பறப்பது தடித்த லைன். ஃப்ளை அதைத் தொடர்ந்து போகிறது. ஆகவே யோசிக்கும் வரிசை இது: எந்த மீன், அது தின்னும் இரை எவ்வளவு பெரியது, அந்த அளவு ஃப்ளையைச் சுமக்க எவ்வளவு எடையுள்ள லைன் தேவை, அந்த லைனை வீச எந்த ராடு சரியாக வளையும். ரீல் கடைசி. நன்னீரில் அது கடைசியிலேயே இருக்கும். கடலில் மட்டும் அதன் இடம் முன்னால் வந்துவிடும். ஏன் என்பது கீழே.

பலர் பளபளக்கும் ரீலில் பாதிப் பணத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஏதோ ஒரு லைனை வாங்குகிறார்கள். ஆற்றில் ட்ரவுட்டோ கெண்டையோ பிடிக்கப் போகிறவருக்கு இது தலைகீழ்ச் செலவு. சுமாரான ராடு நல்ல லைனோடு நன்றாகவே வீசும். உயர்ந்த ராடு மோசமான லைனோடு வீசாது.

5 வெயிட், 8 வெயிட் என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

லைனின் முதல் 30 அடியின் எடையை. முனையில் ஒரே தடிமனாக இருக்கும் சிறு துண்டை விட்டுவிட்டு அங்கிருந்து 30 அடி அளப்பார்கள். அலகு கிரெய்ன்; 1 கிரெய்ன் சுமார் 0.065 கிராம். தர அளவின்படி 5 வெயிட் லைனுக்கு 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8 வெயிட்டுக்கு 210 கிரெய்ன், 10க்கு 280, 12க்கு 380. ராடில் எழுதியிருக்கும் எண், அது எந்த லைனுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. ராடின் சொந்த எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. இன்று விற்கும் லைன்கள் எல்லாம் இந்த அளவை மதிப்பதில்லை. விறைப்பான ராடுகள் அதிகமாகிவிட்டதால், அவற்றை எளிதில் வளைக்க அரை எண்ணோ முழு எண்ணோ கூடுதல் எடையில் லைன் செய்கிறார்கள். பெட்டியில் 8 என்று இருக்கும். எடை 9 வெயிட்டுக்குரிய 240 கிரெய்னை ஒட்டி இருக்கும். பெட்டியின் பின்பக்கம் கிரெய்ன் கணக்கு இருந்தால் எண்ணை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அங்கே இரண்டு எடைகள் இருக்கலாம்: ஒன்று முதல் 30 அடியினுடையது, மற்றது தடித்த தலைப்பகுதி முழுவதினுடையது. தலை 40 அடிக்கு மேல் நீளும் லைனில் இரண்டாவது எண் கணிசமாகக் கூடும். நீண்ட லைனைக் காற்றில் நிறுத்தி வீசுபவரின் ராடு தாங்குவது அந்த இரண்டாவது எடையைத்தான்.

எந்த மீனுக்கு எந்த வெயிட்?

மீனின் எடையை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் பொதுவான பிழை. 3 கிலோ ட்ரவுட்டை 5 வெயிட்டில் பிடிக்கலாம். அதே 3 கிலோ போன்ஃபிஷுக்கு 8 வெயிட் கேட்பது கடற்காற்று, கனத்த ஃப்ளை, மீனின் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து.

குறுகிய ஓடைகளில் சிறு மீனுக்கு 3 அல்லது 4. ஆற்று ட்ரவுட்டுக்கும் சிறு ஃப்ளை எடுக்கும் பொதுவான நன்னீர் மீன்களுக்கும் 5. ஏரிக்காற்று அதிகமென்றால் 6. பாஸ், கெண்டை ஆகியவற்றுக்கு 6 முதல் 8 வரை. விராலுக்கு 8 வேண்டும். அது வாழும் இடம் செடியும் வேரும். உள்ளே புகுவதற்குள் இழுத்து நிறுத்தியாக வேண்டும். வேகமான பேராறுகளில் மஹ்சீருக்கு 8 முதல் 10 வரை.

கடலில் 8 வெயிட்டிலிருந்து தொடங்கலாம். பஹாமாஸ், கிரிபாட்டியின் கிறிஸ்துமஸ் தீவு போன்ற ஆழமற்ற வெண்மணல் பரப்புகளில் போன்ஃபிஷுக்கு இதுதான் வழக்கம். பெர்மிட் மீனுக்கு 9 அல்லது 10. அது தின்பது நண்டு, நண்டு ஃப்ளை கனமானது. கழிமுகத்துக் கொடுவாவுக்கு 8 அல்லது 9. ஃப்ளோரிடாவில் பெரிய டார்பனுக்கு 11 அல்லது 12. சேஷெல்ஸ் திட்டுகளில் ஜெயன்ட் ட்ரெவல்லி எனும் பெரும் பாறைமீனுக்கு 12, அதற்குக் கீழே வேண்டாம்.

நன்னீருக்கும் கடலுக்கும் ஒரே செட் போதுமா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 9 அடி நீளத்தில் 8 வெயிட் ராடு, கடல்நீர் தாங்கும் டிஸ்க் டிராக் (தட்டுகளால் லைனுக்குத் தடை தரும் அமைப்பு) கொண்ட ரீல், லைன் சுற்றும் உருளையான ஸ்பூல் உதிரியாக ஒன்று. ஒரு ஸ்பூலில் நன்னீர் லைன், இன்னொன்றில் கடல் லைன். பாஸ், விரால், கொடுவா, போன்ஃபிஷ், சிறு பாறைமீன் எல்லாவற்றுக்கும் இது ஈடுகொடுக்கும்.

இதனால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. 16ஆம் எண் முள்ளில் கட்டிய சின்னப் பூச்சியை, கலங்காத தெளிநீரில், சத்தமில்லாமல் இறக்க முடியாது. 8 வெயிட் லைன் நீரில் விழும் அதிர்விலேயே ட்ரவுட் கலைந்துவிடும். ஃப்ளையைக் கட்டும் மெல்லிய முனை நரம்பான டிப்பெட்டும் விறைத்த ராடின் இழுப்பில் அறுந்துபோகும். மீன் பிடிப்பதில் பாதி ட்ரவுட் என்றால் 5 வெயிட் ஒன்று தனியே வேண்டும். இடைப்பட்ட எண்ணாக 6 வாங்கி இரண்டையும் சமாளிக்கலாம் என்று நினைப்பவருக்கு இரண்டிலும் குறைதான் மிஞ்சும்.

ராடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

தயங்கினால் 9 அடி. தலைக்கு மேல் மரக்கிளை கவிந்த ஓடைகளில் 7 முதல் 8 அடி வரை வசதி. லைனை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, நீருக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்களைப் போன்ற கனமான நிம்ஃப் ஃப்ளைகளை அடியோட்டத்தில் விடுகிறவர்கள் 10, 11 அடி ராடுகளை விரும்புவார்கள். இரண்டு கையால் வீசும் 12 அடிக்கு மேற்பட்ட ராடுகள் அகலமான ஆறுகளுக்கானவை. அவற்றின் லைன் எடைக் கணக்கே வேறு, ஒற்றைக் கை ராடின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

நான்கு துண்டாகப் பிரியும் ராடே பயணத்துக்கு நல்லது. துண்டு கூடினால் வளைவு கெடும் என்ற பழைய குறை இன்றைய இணைப்புகளில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ – எது எனக்கு?

ராடு எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு விரைவில் நிமிர்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள் இவை. ஃபாஸ்ட் ராடு நுனிப்பகுதியில் வளைந்து சட்டென நிமிரும். லைன் வேகமெடுக்கும், காற்றை எதிர்த்துப் போகும். கடலுக்குப் பெரும்பாலும் இதுதான். மீடியம் ராடு நடுப்பகுதி வரை வளையும். லைன் பின்னால் விரிவதைக் கை உணரக் காத்திருக்கும் என்பதால், புதிதாக வீசப் பழகுபவருக்கு இதுவே நல்ல ஆசான். ஸ்லோ ராடு கைப்பிடி வரை வளையும். கண்ணாடி இழையிலும் மூங்கிலிலும் செய்தவை பெரும்பாலும் இந்த வகை; 10 மீட்டருக்குள் மென்மையாக இறக்கவும், மெல்லிய டிப்பெட்டைக் காக்கவும் அருமையானவை.

ஆற்று ட்ரவுட் வீச்சுகளில் மிகுதியானவை 12 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் தடித்த தலைப்பகுதி முழுவதும் ராடுக்கு வெளியே வராது. ஃபாஸ்ட் ராடு வளையாமல் கட்டையாக நிற்கும். வீசுபவர் கையை இன்னும் வேகமாக ஆட்டுவார், லைன் குலைந்து விழும். 30 மீட்டர் வீசிக் காட்டும் ராடு உங்கள் ஆற்றுக்கு ஏற்றதென்று அர்த்தமில்லை. வாங்கும் முன், நீங்கள் மீன் பிடிக்கும் தூரத்தில் வீசிப் பாருங்கள்.

கடல் ராடில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை: ரீலுக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ளச் சிறு நீட்டம், இரட்டை நெருக்கு வளையங்கள் கொண்ட ஆனோடைஸ் செய்த அலுமினிய ரீல் இருக்கை, முடிச்சு தட்டாமல் போகுமளவு அகலமான வளையங்கள். மரம் பதித்த ரீல் இருக்கை ஆற்றுக்கு அழகு, உப்புநீருக்கு ஆகாது.

ராடு மீனோடு போராடும்போது உடைந்தது. தயாரிப்புக் கோளாறா?

அநேகமாக இல்லை. கார்பன் ராடு குழாய்போல் மெல்லிய சுவர் கொண்டது; வளைவைத் தாங்கும், வெட்டுப்பட்ட காயத்தைத் தாங்காது. பாப் கிளௌசர் உருவாக்கிய கிளௌசர் மின்னோ போல உலோகக் கண் கட்டிய ஃப்ளைகள், தாழ்வாக வரும் வீச்சில் ராடின் மேல் மோதும். அன்று ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல், பிறகு எப்போதோ ஒரு நாள் சாதாரண இழுப்பில் பிளக்கும். கனத்த ஃப்ளையை வீசும்போது பின்வீச்சைப் பக்கவாட்டில் எடுத்து, முன்வீச்சைத் தலைக்கு மேலே கொண்டுவருவது இதற்குத் தடுப்பு.

இரண்டாவது காரணம், மீனைக் கரையருகே கொண்டுவந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்குவது. சுமை முழுவதும் விரல் தடிமன்கூட இல்லாத நுனித்துண்டில் விழும். பெரிய மீனுக்கு ராடு நீர்மட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. இழுப்பு கைப்பிடிக்கு மேலுள்ள தடித்த பகுதியிலிருந்து வர வேண்டும். மற்ற கையைத் தக்கைப் பிடிக்கு மேலே ராடிலேயே வைத்துத் தூக்குவதும் ராடை உடைக்கும். வளையக் கூடிய நீளத்தை அது பாதியாக்கிவிடுகிறது.

மூன்றாவது, தளர்ந்த இணைப்பு. துண்டுகளை 90 பாகை திருப்பிய நிலையில் செருகி, வளையங்கள் ஒரே வரிசைக்கு வரும்வரை முறுக்கி இறுக்குங்கள். வீசிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே சோதியுங்கள். மீனுக்குச் சம்பந்தமே இல்லாமல் கார் கதவிலும் மின்விசிறியிலும் உடையும் ராடுகளும் ஏராளம்.

லைன் பெட்டியில் உள்ள எழுத்துக்களை எப்படிப் படிப்பது?

டபிள்யூ.எஃப்-5-எஃப் என்றால்: முன்பக்கம் எடை கூடிய வடிவம், 5 வெயிட், மிதக்கும் வகை. முதல் எழுத்துக்கள் டி.டி. என்றிருந்தால் இரு முனையும் ஒரேபோல் மெலியும், நடுவில் சமமாகத் தடித்திருக்கும். அருகில் மென்மையாக வீச அது நல்லது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் ரீலில் அதிக இடம் எடுக்கும், தூரம் போகாது. கடைசி எழுத்து எஃப் என்றால் மிதக்கும். ஐ என்றால் மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட். எஸ் என்றால் மூழ்குவது. மிதக்கும் லைனின் முனை மட்டும் மூழ்கும் வகையும் உண்டு. முதல் லைன் வாங்குபவருக்கு மிதக்கும் டபிள்யூ.எஃப். போதும்.

தலைப்பகுதியின் வடிவம் எண்ணைப் போலவே முக்கியம். முனை நோக்கி நீண்டு மெலியும் லைன் சிறு ஃப்ளையை மெதுவாக இறக்கும். எடையை முனைக்கு அருகே குவித்த லைன் பெரிய ஃப்ளையைப் புரட்டிப் போடும், கூடவே நீரையும் அடிக்கும். பெட்டியில் ட்ரவுட், பாஸ், போன்ஃபிஷ் என்று மீன் பெயர் போடுவது வெறும் விளம்பரமில்லை. இந்த வடிவ வேறுபாடு அதற்குள் இருக்கிறது.

கடல் லைன், நன்னீர் லைன் என்று தனித்தனியாக வேண்டுமா? இரண்டும் பிளாஸ்டிக்தானே?

உப்பை விட வெப்பமே இங்கே முக்கியம். லைனின் மேல்பூச்சு பெரும்பாலும் பி.வி.சி. குளிர்நீருக்கான பூச்சில் மென்மையூட்டி அதிகம். அதை வெப்பக் கடலில், வெயிலில் காய்ந்த படகுத்தளத்தில் போட்டால் குழைந்து தொய்யும். வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது, வீச்சின் தூரம் குறையும், முடிச்சாகச் சிக்கும். வெப்பமண்டல லைனின் உள்நூலும் பூச்சும் விறைப்பானவை. 30 டிகிரி வெயிலிலும் வழுக்கி ஓடும். அதே லைனைக் குளிர்ந்த மலை ஆற்றில் எடுத்தால் ரீலில் சுற்றியிருந்த வளைவு அப்படியே நின்று, சுருள் சுருளாகக் கிடக்கும். இழுத்து நேராக்கினாலும் திரும்பச் சுருளும்.

உள்நூலின் வலிமையும் வேறு. நன்னீர் லைனின் உள்நூல் சுமார் 20 பவுண்டு தாங்கும். டார்பன், பாறைமீன் ஆகியவற்றுக்கான லைன்கள் 50 பவுண்டுக்கும் மேல் தாங்கும்படி செய்யப்படுகின்றன. 12 வெயிட் ராடில், லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பான லீடரை 40 பவுண்டில் கட்டிவிட்டு வலிமை குறைந்த உள்நூல் கொண்ட லைனைப் போட்டால், சங்கிலியில் அறுபடும் கண்ணி லைனாகிவிடும். அறுவது எப்போதும் டிப்பெட்டாகவே இருக்க வேண்டும்.

மூழ்கும் லைனில் டைப் 3, டைப் 6 என்பது என்ன?

நொடிக்கு எத்தனை அங்குலம் மூழ்கும் என்பதன் தோராயம். டைப் 3 நொடிக்கு 3 அங்குலம், அதாவது 7.5 செ.மீ. டைப் 6 அதைப்போல் இரு மடங்கு. இன்டர்மீடியட் 1 முதல் 2 அங்குலம். 3 மீட்டர் ஆழத்தில் மீன் நின்றால் டைப் 3 போய்ச் சேர 40 நொடி, டைப் 6க்கு 20 நொடி. இந்தக் கணக்கு நிற்கும் நீருக்கு. ஓட்டம் இருந்தால் லைன் மிதப்புக் கொண்டு மேலேயே நிற்கும். ஓட்டத்துக்கு எதிராகச் சாய்த்து வீசி நேரம் கொடுக்க வேண்டும்.

மூழ்கும் லைனில் லீடர் 1 முதல் 1.5 மீட்டர் மட்டும். 9 அடி லீடர் கட்டினால் லைன் அடிக்குப் போயிருக்கும், ஃப்ளை அதற்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். இவ்வளவு செலவு செய்தும் ஏன் ஆழத்தில் மீன் எடுக்கவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ரீலில் கிளிக்கும் டிஸ்க்கும்: எது தேவை?

கிளிக் ரீலில் பல்சக்கரத்தை ஒரு சிறு நாக்கு ஸ்பிரிங்கால் அழுத்துகிறது. ஸ்பூல் தானாகச் சுழன்று லைன் சிக்காமல் தடுப்பதே அதன் முதல் வேலை. 3 முதல் 5 வெயிட் வரை இது தாராளமாகப் போதும். மீன் ஓடினால் ஸ்பூல் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பிடிக்கலாம். சார்ல்ஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற துளையிட்ட குறுகிய ரீலின் உருவம் இன்னும் பெரிதாக மாறவில்லை. பெரும்பாலான ட்ரவுட்களுக்கு ரீல் என்பது லைன் வைக்கும் இடம் என்ற நிலையும் மாறவில்லை.

கடலில் கதை வேறு. போன்ஃபிஷ் முள் குத்திய சில நொடிகளில் லைன் முழுவதையும் உருவிக்கொண்டு, பின்னாலிருக்கும் பேக்கிங் எனும் உதிரி நூலிலும் நூறு மீட்டர் கொண்டுபோகும். அந்த ஓட்டம் முழுவதும் தடை சீராக இருக்க வேண்டும். அதற்குத்தான் டிஸ்க் டிராக். அதிகபட்சத் தடை எத்தனை கிலோ என்று விளம்பரம் பெருமை பேசும். ஒரு நொடிகூட உங்களுக்கு அது தேவைப்படாது. பார்க்க வேண்டியது தொடக்கம். டிராக்கை நடுத்தரமாக இறுக்கி, லைனை மெதுவாக உருவுங்கள். முதலில் தடுத்து, பிறகு வெடுக்கென்று விட்டால் அந்த ரீல் வேண்டாம். அந்த வெடுக்கில்தான் டிப்பெட் அறும்.

மூடப்பட்ட டிராக்கில் உப்பும் மணலும் நுழையாது, பராமரிப்பு குறைவு. திறந்த தக்கை டிராக் மிக வழவழப்பானது. ஆனால் அவ்வப்போது எண்ணெய் பூசிக் கவனிக்க வேண்டும். உடல், கட்டி அலுமினியத்தைக் கடைந்து ஆனோடைஸ் செய்ததாக இருக்கட்டும். அச்சில் வார்த்துப் பெயின்ட் அடித்தது ஆற்றுக்குப் போதும். கடலில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். கீழே விழுந்தால் வளையாமல் உடைவதும் அதுதான்.

லார்ஜ் ஆர்பர் ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்?

ஸ்பூலின் நடு அச்சு அகலமாக இருப்பது லார்ஜ் ஆர்பர். சுற்றின் விட்டம் 9 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 28 செ.மீ. லைன் ஏறும், 4 செ.மீ. என்றால் 12.5 செ.மீ. மட்டும். மீன் உங்களை நோக்கித் திரும்பி ஓடி வரும்போது லைன் தொய்யாமல் இருப்பது இந்த வித்தியாசத்தில்தான். லைனில் சுருளும் குறையும்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. டிராக் ஸ்பூலின் அச்சைப் பிடிக்கிறது. லைனில் விழும் தடை, சுற்றின் விட்டம் சுருங்கச் சுருங்கக் கூடுகிறது. நிறைந்த ஸ்பூலில் 9 செ.மீ. விட்டத்தில் 1 கிலோ என்று வைத்த தடை, பேக்கிங் போய் விட்டம் 6 செ.மீ. ஆகும்போது 1.5 கிலோ ஆகிவிடும், நீங்கள் குமிழைத் தொடாமலே. அதோடு நீரில் வில்லாக வளைந்து கிடக்கும் தடித்த லைனின் இழுவையும் சேரும். மீன் வெகுதூரம் போனதும் பதறி டிராக்கை இறுக்குகிறவர்கள் அறுப்பது இதனால். தூரம் கூடினால் தளர்த்த வேண்டும். அகன்ற அச்சில் விட்டம் அவ்வளவு சுருங்காது, தடையும் அவ்வளவு ஏறாது.

டிராக்கை எவ்வளவு வைப்பது?

டிப்பெட்டின் அறுவலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். 16 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ தாங்கும் டிப்பெட்டுக்கு 1 முதல் 1.5 கிலோ. ஸ்பிரிங் தராசை லைனில் கட்டி, ரீலிலிருந்து நேராக இழுத்து அளக்கலாம். வளைந்த ராடின் வளையங்கள் வழியாக வரும்போது உராய்வு இன்னும் கூட்டும் என்பதால் குறைவாகவே தொடங்குங்கள். மீதியை உள்ளங்கை பார்த்துக்கொள்ளும்.

பேக்கிங் எவ்வளவு, எந்த வகை?

ஃப்ளை லைன் 27 முதல் 30 மீட்டர்தான். அதற்கப்பால் மீன் ஓடினால் கொடுப்பதற்கும், ஸ்பூலின் அச்சை நிரப்பி விட்டத்தைக் கூட்டுவதற்கும் பேக்கிங். 5 வெயிட்டுக்கு டாக்ரான் எனும் பாலியஸ்டர் பின்னல் நூல், 20 பவுண்டு வலிமையில் 50 முதல் 90 மீட்டர். 8 வெயிட் கடல் ரீலுக்கு 30 பவுண்டு டாக்ரான் 150 மீட்டருக்குக் குறையாமல். 12 வெயிட்டுக்கு 250 மீட்டருக்கு மேல். இடம் போதாவிட்டால் மெல்லிய ஜெல் ஸ்பன் நூல், 50 பவுண்டுக்குக் குறையாமல். அதைவிட மெல்லியது ஓடும்போது விரலை அறுக்கும். தன் கீழ்ச்சுற்றுகளுக்குள்ளேயே புதைந்து மாட்டிக்கொள்ளும்.

ரீலில் லைன் ஏற்றும் முறை?

1. எந்தக் கையால் சுற்றுவீர்கள் என்று முடிவு செய்து, டிராக் அந்தத் திசைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைன் வெளியே போகும்போதுதான் தடை இருக்க வேண்டும்.
2. பேக்கிங்கை அச்சில் ஆர்பர் முடிச்சால் கட்டுங்கள். ஜெல் ஸ்பன் வழுக்கும். முதலில் அச்சில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள் அல்லது சில மீட்டர் டாக்ரான் சுற்றிக்கொள்ளுங்கள்.
3. ஈரத்துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாக, பக்கவாட்டில் சீராகப் பரப்பிச் சுற்றுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். தளர்வாகச் சுற்றிய பேக்கிங்தான் மீன் ஓடும்போது புதைந்து நின்று எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும்.
4. லைனின் பின்முனையில் வளையம் இருந்தால், பேக்கிங்கில் ஸ்பூல் நுழையுமளவு பெரிய கண்ணி போட்டு, கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்து இறுக்குங்கள். இரண்டும் சமமாகப் பின்னி நிற்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் கழுத்தைச் சுற்றி இறுகினால் அங்கே வெட்டும். வளையம் இல்லாவிட்டால் ஆல்பிரைட் முடிச்சு.
5. லைனை அது வந்த உருளையிலிருந்து சுழலவிட்டே ஏற்றுங்கள். உருளையைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும்.
6. நிறைந்தபின் ஃப்ரேமுக்கும் லைனுக்கும் நடுவே 5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். பரபரப்பில் மீனைச் சுற்றும்போது லைன் ஒரு பக்கம் குவியும். இடமில்லாவிட்டால் ஃப்ரேமில் உரசி ரீல் நின்றுவிடும்.

எவ்வளவு பேக்கிங் கொள்ளும் என்று தெரியாவிட்டால் தலைகீழாக ஏற்றிப் பாருங்கள்: முதலில் ஃப்ளை லைன், அதன்மேல் பேக்கிங், நிறைந்ததும் வெட்டு. பிறகு எல்லாவற்றையும் கழற்றி முறையாகச் சுற்றுங்கள். அரை நாள் வேலைதான், அளவு பிசகாது.

இடக்கையா, வலக்கையா?

வலக்கையால் வீசுபவர் இடக்கையால் சுற்றினால் மீன் மாட்டியபின் ராடைக் கை மாற்ற வேண்டாம். நூறு மீட்டர் பேக்கிங்கை வேகமாகச் சுற்ற வேண்டிய கடல்மீனுக்கு, வேகமான கையே சுற்றட்டும் என்று வலக்கையால் சுற்றுபவர்களும் உண்டு. இரண்டும் சரி. எல்லா ரீலையும் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லீடர், டிப்பெட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நன்னீரில் எக்ஸ் கணக்கு. 11லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும்: 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், சுமார் 0.15 மி.மீ. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் கிட்டும். 16ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ், 12க்கு 4எக்ஸ். மெல்லியதாகப் போனால் பெரிய ஃப்ளை சுழன்று நூலை முறுக்கும். தடித்துப் போனால் சிறு ஃப்ளை இயல்பாக மிதக்காது.

ஃப்ளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தி மிகுந்தது, மூழ்கும். மேலே மிதக்கும் ஃப்ளைக்கு நைலான். ஆழத்துக்கும், உரசும் பவளப்பாறைக்கும் ஃப்ளோரோகார்பன்.

கடலில் எக்ஸ் பேச்சே இல்லை, பவுண்டுதான். போன்ஃபிஷுக்கு 9 முதல் 12 அடி லீடர், 12 முதல் 16 பவுண்டு டிப்பெட். டார்பனின் வாய் அரம்போல் தேய்க்கும். டிப்பெட்டுக்கு முன்னால் 60 முதல் 80 பவுண்டு துண்டு ஒன்று வேண்டும். பாறைமீனுக்கு 100 பவுண்டுக்கு மேல். பாரகுடா போன்ற வெட்டும் பல்லுக்கு 15 முதல் 20 செ.மீ. முடிச்சிடக் கூடிய கம்பி. அது இல்லாமல் ஃப்ளையைக் காப்பாற்ற வழியில்லை.

நன்னீர் ரீலை ஒருநாள் கடலில் பயன்படுத்தினால் கெட்டுவிடுமா?

ஒருநாளில் கெடாது, கழுவாமல் வைத்தால் கெடும். ராடுக்கும் லைனுக்கும் பயமில்லை. சாதாரண இரும்பு முட்கள் அடுத்த வாரமே துருப்பிடிக்கும். கடலுக்குத் துருவேறாத முட்களே வேண்டும். துருவேறிய ஒரு முள் பெட்டியிலுள்ள நல்ல முட்களையும் கெடுக்கும்.

கடலிலிருந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்றே செய்ய வேண்டும். டிராக்கை லேசாக இறுக்கி, ரீலை நன்னீரில் மெல்லக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு போவதற்குப் பதில் டிராக்குக்குள் தள்ளப்படும். பிறகு ஸ்பூலைக் கழற்றித் துடைத்து, லைனோடு நிழலில் காயவையுங்கள். பேக்கிங் நனைந்திருந்தால் அதையும் உருவிக் கழுவுங்கள். அடியில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து ஸ்பூலை அரிக்கும். காய்ந்தபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் தட்டுகள் அழுந்தி, அடுத்த முறை வெடுக்கென்று தொடங்கும். ராடை ரீல் இருக்கையிலும் வளையங்களின் காலடியிலும் துடைத்து, துண்டுகளைப் பிரித்துக் காயவிட்டு, பிறகே உறையில் போடுங்கள். உப்போடு சேர்ந்திருந்த இணைப்பு இறுகிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

மிதக்கும் லைனின் முனை மூழ்க ஆரம்பித்துவிட்டது. புதிது வாங்க வேண்டுமா?

முதலில் கழுவிப் பாருங்கள். பாசியும் நுண்மண்ணும் படிந்தால் நீர் லைனைப் பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு சில துளி, மென்மையான துணி, பிறகு நன்னீரில் அலசல். அதன்பின்னும் மூழ்கினால் முனையில் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். விரிசல் வழியே உள்நூல் நீர் உறிஞ்சினால் மிதக்காது. விரிசல் முதல் சில அங்குலத்தில் மட்டும் என்றால் வெட்டிவிட்டுப் புதிய கண்ணி போடலாம்; தலைப்பகுதி முழுக்க என்றால் மாற்ற வேண்டியதுதான்.

விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் கைகள். வெயில் காப்புக் களிம்பும், டீட் கலந்த கொசு விரட்டியும் பி.வி.சி.யைத் தின்னும். பூசியபின் உள்ளங்கையையும் விரல்களையும் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள்.

பழைய ராடு, ரீல் வாங்கும்போது எதைச் சோதிப்பது?

ராடின் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் உருட்டிக் கீறல் தேடுங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அந்த வளையம் லைனை அறுக்கும். இணைப்பை இறுக்கியபின் ஆண் பகுதியில் சில மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். முழுவதும் உள்ளே போய்விட்டால் இணைப்பு தேய்ந்துவிட்டது. வீசும்போது நுனி பறக்கும். ரீலின் ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. டிராக்கைத் தளர்விலிருந்து இறுக்கம்வரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் லைனை உருவிப் பாருங்கள். பழைய லைனுக்கு விலை கொடுக்காதீர்கள். அதைப் புதிதாகவே வாங்குங்கள்.